மழைக்கு முன்னே விற்ற மொடா

1

நாங்கள் சைகோனை விட்டுப் போகப்போகிறோம் என்ற செய்தியை எனக்கு முதன்முதலில் சொன்னவள், எங்கள் சந்துக்குப் பழைய பாட்டில் வாங்க வருகிற பெண்மணி.

சித்திரை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. வெயில் காலையிலேயே தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவள் தோள்கம்பை இறக்கி, இரண்டு பக்கமும் தொங்கிய கூடைகளை எங்கள் வாசலில் வைத்தாள். நான் இரண்டு காலி பாட்டில்களை நீட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விலை சொல்லி, காசைக் கையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“ஏழாவது அண்ணே, அந்தக் கட்டிலை என்றைக்குக் கொடுப்பீர்கள்?”

“எந்தக் கட்டில்?”

“நீங்கள் படுக்கிற கட்டில்தான்.”

“அதில் நான் படுக்கிறேனே அம்மா.”

“இப்போது படுக்கிறீர்கள். போகிற அன்றைக்குப் படுக்க முடியுமா? யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாட்டில், பேப்பர் எல்லாம் என்னிடம் போட்டுவிட்டுக் கட்டிலை மட்டும் வேறு ஆளிடம் போட்டால் எனக்கு மனசு வலிக்கும்.”

எங்கே போகிறேன் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். ரகசியம் காப்பவனைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு. கூடைகளைத் தூக்கிக்கொண்டு, “சரி, சரி. நான் ஒன்றும் கேட்கவில்லை” என்று போய்விட்டாள்.

ஏழாவது அண்ணன் என்றால், எனக்கு முன்னால் ஆறு பேர் பிறந்ததாக நினைக்க வேண்டாம். என் தாயாருக்கு நான் ஒருவன்தான். அதுவே போதும் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இந்தத் தென்பகுதியில் பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை. பிறந்த வரிசைதான் பேர். அதிலும் மூத்த பிள்ளைக்கு எண் இரண்டு. ஒன்று யாருக்கும் கிடையாது. சீனர் யாராக இருந்தாலும் மூன்றாவது சித்தப்பா. இந்தியர் யாராக இருந்தாலும் ஏழாவது அண்ணன். கணக்கும் கடிதமும் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒன்று இல்லாமல் இரண்டில் தொடங்குகிற ஊரில் பதினாறு வருஷமாக எப்படி நிம்மதியாக இருக்க முடியும், சொல்லுங்கள்.

2

காரைக்காலில் உங்களுக்கு ஓர் எண்ணம் உண்டு என்பது எனக்குத் தெரியும். சைகோன்காரன் என்றால் அரையில் தங்கத்தைச் சுற்றிக்கொண்டு திரிகிறவன். அவன் அனுப்பிய காசில் வழவழப்பான தரை போட்ட வீடுகளை உங்கள் தெருவிலேயே நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உண்மைதான். அதெல்லாம் எனக்கு முந்திய தலைமுறை. அவர்கள் இந்த ஊர்க் காசான பியாஸ்தரைக் கொண்டுபோய் வீடு கட்டினார்கள். நான் வந்த பிறகு பியாஸ்தர் மெலிய ஆரம்பித்தது. என் ஜாதகத்துக்கும் அந்தக் காசுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று என் மனைவி பாக்கியம் நம்புகிறாள்.

சண்டை ஊருக்குள்ளேயே வந்துபோன அந்த வியத்நாமியப் புத்தாண்டுக்குப் பிறகு விலைவாசியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. சம்பளம் மட்டும் சொன்ன சொல் மாறாத உத்தமனைப் போல அதே இடத்தில் நிற்கிறது. எங்கள் ஒரே பெண் வசந்தா இங்கே பிறந்தவள். கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் பிரெஞ்சில் படிக்கிறாள். வருகிற வருஷம் அவளுக்குப் பெரிய பரீட்சை. அதுவரை இந்த ஊரில், இந்த வீட்டில், இந்தப் பள்ளியில் அவளை நிறுத்திவைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்தாண்டுத் திட்டமெல்லாம் கிடையாது. இருந்தது இந்த ஒரு வருஷத் திட்டம்தான்.

வழி காட்டியவர் என் முதலாளி. புதுச்சேரிக்காரர். சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை. நான் அங்கேதான் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சரக்குக் கேட்டுக் கடிதம் எழுதுகிறேன். தை மாதம் ஒருநாள், ஜப்பானுக்கு எழுதவேண்டிய கடிதத்தோடு போய் நின்றேன். அவர் அலமாரிகளை ஒரு சுற்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இப்ப எதுக்கு ஐயா புதுசு? முதல்ல இருக்கறதத் தீர்ப்போம். அப்புறம் பார்த்துக்கலாம்.”

பழைய புத்தகக் கடைகளில் பிரெஞ்சுப் பொருளாதார நூல்களை வாங்கி வாங்கிப் படித்து, பாதிப் புரிந்து, மீதிப் பாதியை மற்றவர்களுக்கு விளக்குகிற பழக்கம் எனக்கு உண்டு. அத்தனை பக்கங்களில் கிடைக்காத ஞானம் முதலாளியின் ஒரு வாக்கியத்தில் கிடைத்துவிட்டதாகத் தோன்றியது. இருக்கிறதைத் தீர்ப்போம்! சைக்கிளில் வீடு வரும்வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

3

பாக்கியம் ஏற்கெனவே சிக்கனக்காரி. அதை நான் கவனித்ததில்லை. அவள் அதற்குக் கொள்கை என்று பேர் வைக்காததே காரணம். சமையல் முடிந்ததும் அடுப்புக் கரியை மூடிபோட்ட சட்டியில் அள்ளிப்போட்டு அணைத்து மறுநாளைக்கு வைப்பாள். நேற்றைய நீள ரொட்டியைப் பிய்த்து, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்து உப்புமா ஆக்குவாள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனதில் நாங்கள் முழுமனதோடு ஏற்றுக்கொண்டது அந்த உப்புமா ஒன்றுதான்.

நான் கொள்கையைக் கொண்டுவந்ததும் அவள் கேட்டாள்: “இப்ப நான் என்னத்த வீணாக்குறேன்னு சொல்றீங்க?”

“வீணாக்குறதில்லை பாக்கியம். சேர்த்து வைக்கிறோம். அரிசி மூட்டையா, கருவாடு கட்டா, எண்ணெய் டின் டின்னா. இதெல்லாம் தூங்குற பணம்.”

“தூங்கட்டுமே. முழிச்சிருக்கறப்ப அது என்ன பாடுபடுத்துதுன்னு பாக்கறோமே.”

ஆனாலும் சொன்னபடி கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புதிதாக எதுவும் வாங்குவதில்லை. அரிசி டின் அடி தெரிகிறவரை புது அரிசி கிடையாது. ஐஸ் கட்டி நிறுத்தப்பட்டது. கூடத்தில் ஒரே விளக்கு; அதைச் சுற்றி மூன்று பேர். பழைய பத்திரிகைகள், டின்கள், பாட்டில்கள் விற்பனைக்கு. வாசல் திரைச்சீலைகளைக் கழற்றி வசந்தாவுக்கு இரண்டு பாவாடை ஆயிற்று. யாரோ கொடுத்துப் பத்து வருஷமாகப் பெட்டியில் கிடந்த கம்பளிச் சட்டை ஒன்றைப் பாக்கியம் பிரித்து, அந்த நூலில் கை வைத்த சட்டை ஒன்று பின்னத் தொடங்கினாள். சைகோன் கோடையில் கம்பளி எதற்கு என்று கேட்டேன்.

“நூலு சும்மா கெடக்குல்ல? இருக்கறதத் தீர்ப்போம்னீங்களே.”

பங்குனிக் கடைசியில் கொள்கை அதன் உச்சியைத் தொட்டது. பின்கட்டில் எங்களுக்கு இரண்டு மொடா இருந்தது. பழுப்பு மெருகு போட்ட மண் மொடா, ஒவ்வொன்றும் என் இடுப்புயரம். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு நம்பிக்கை கிடையாது என்பதால் எல்லா வீட்டிலும் இவை உண்டு. மழைக்காலத்தில் கூரைத் தண்ணீர் பிடிப்பதும் இவற்றில்தான். மூன்று பேருக்கு இரண்டு எதற்கு என்று ஒன்றை விற்றேன். பாட்டில்காரப் பெண்மணி கைவண்டி கொண்டுவந்து, சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அதை உருட்டிக்கொண்டு போனாள். நல்ல விலை. அன்று மாலை நான் சீட்டியடித்தேன் என்று பாக்கியம் சொல்கிறாள், நான் மறுக்கிறேன்.

4

பாட்டில்காரப் பெண்மணி கட்டிலைக் கேட்டுவிட்டுப் போனதும் எதிர்வீட்டுக்கு ஓடினேன். அங்கே இருப்பவர் ஐந்தாவது அம்மாள். இவர் கணவர்தான் எங்கள் சந்தின் பத்து வீடுகளுக்கும் பொறுப்பாளர். யார் வந்து தங்கினாலும் யார் போனாலும் அவர் கையெழுத்து வேண்டும். அம்மாள் வீட்டின் பின்னால் ஒரு பன்றி வளர்க்கிறார். எங்கள் அரிசி கழுவிய தண்ணீரும் மிச்சம் மீதியும் அதற்குத்தான் போகும். ஒரு குடும்பத்தின் நிலவரம் அதன் கழனித்தண்ணீரில் தெரியும் என்பதை நான் எந்தப் பொருளாதார நூலிலும் படித்ததில்லை.

“மூன்று மாதமாக உங்கள் தண்ணீர் தெளிந்துகொண்டே வருகிறது. என் பன்றிக்கே தெரிந்துவிட்டது” என்றார் அம்மாள். “சண்டைக்குப் பிறகு இந்தச் சந்தில் எந்த வீட்டில் அரிசி டின் காலியாக இருக்கிறது? தெருவில் இறங்க முடியாத நாள் நாளைக்கே வரலாம் என்று எல்லோரும் வாங்கி வாங்கி அடுக்குகிறோம். நீங்கள் மட்டும் தின்று தீர்க்கிறீர்கள். உங்கள் மனைவியிடம் மீன்சாறு வந்திருக்கிறது, வாங்குகிறீர்களா என்று கேட்டால் ‘முடிந்தது, முடிந்தது’ என்கிறார்.”

பாக்கியத்துக்குத் தெரிந்த வியத்நாமிய வார்த்தைகள் ஏழெட்டு. வேண்டாம், இல்லை, போதும் எல்லாவற்றுக்கும் அவள் சொல்வது அந்த ‘முடிந்தது’ ஒன்றைத்தான்.

“திரைச்சீலையைக் கழற்றினீர்கள். ராத்திரியில் ஒற்றை விளக்கு. உள்ளே மூட்டை கட்டுகிறீர்கள் என்று நினைத்தோம். சரி, அதையெல்லாம் விடுங்கள். மொடாவை விற்றீர்களே!”

“விற்றால் என்ன?”

அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “மழைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. மழைக்கு முன்னே மொடாவை விற்கிறவன் அந்த மழையைப் பார்க்கப் போவதில்லை என்றுதானே அர்த்தம்?”

அவர் கணவர் உள்ளே இருந்து வந்தார். எங்கள் தங்கும் அட்டையைப் புதுப்பிக்கிற மாதம் அது. நான் இந்தச் சந்தில்தான் வசிக்கிறேன் என்று அவர் எழுதித் தரவேண்டும். அந்தத் தாளைப் போன வாரமே கொடுத்திருந்தேன். கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

“இது எதற்கு அண்ணே வீண் முத்திரைச் செலவு? வெளியே போகிற அனுமதிக்கு வேறு தாள். அதைக் கொண்டுவாருங்கள், நின்ற இடத்தில் போட்டுத் தருகிறேன்.”

நாங்கள் எங்கேயும் போகவில்லை என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்” என்றார் அம்மாள் மிகவும் அன்பாக. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு கேட்டார்: “ஏழாவது அண்ணே, எனக்கு மட்டும் சொல்லுங்கள். காசு இன்னும் விழப்போகிறதா? இந்தியர்களுக்கு அது முன்னாலேயே தெரியும் என்கிறார்கள். என் தையல் மெஷினை இப்போதே விற்றுவிடலாமா?”

5

இதுவரைக்கும் சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் மாலை மரைக்கார் நானா வந்தார்.

எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர். காரைக்கால்காரர். பள்ளிவாசல் பக்கம் மசாலாச் சாமான் கடை. ஊர்ப்பாசத்துக்காக வாடகையை அவ்வளவாக ஏற்றாதவர். இன்றைக்கு இந்த ஊரில் அந்த வாடகைக்கு ஒரு திண்ணைகூடக் கிடைக்காது. வெளிநாட்டுச் சிப்பாய்களும் அவர்களை நம்பி வந்தவர்களும் டாலரில் வாடகை கொடுக்கிறார்கள்.

“என்ன தம்பி, ஊருக்குப் பொறப்படுறியளாம்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன, புடிச்சா வச்சுக்கப் போறேன்?”

“யார் நானா சொன்னது?”

“யாரு சொல்லலை? பள்ளியாசல்ல சொல்றாங்க, கறிக்கடையில சொல்றாங்க. வீட்டுக்காரன் எனக்குத்தான் கடைசியாத் தெரியுது.”

“நாங்க எங்கயும் போவலை நானா. சத்தியமா.”

“சரி, சரி. கண்ணு படும்னு மறைக்கிறிய. நான் மூச்சு வுடமாட்டேன்.” பாக்கியம் கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். கொள்கை காப்பியிலும் இருந்தது. “ஆளு வந்துட்டாரு தம்பி. அமெரிக்கக்காரங்கிட்ட வேலை பாக்குறவரு. நீங்க காலி பண்றியன்னு கேட்டு, முன்பணத்தைக் கையில திணிச்சிட்டாரு. மாசக் கடைசிக்குள்ள சாவியக் கொடுத்துட்டியன்னா எனக்கும் ஒரு பேச்சு நிக்கும்.”

பேசினேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். நான் எத்தனைக்கு எத்தனை மறுத்தேனோ அத்தனைக்கு அத்தனை அவர் நம்பினார். போகாதவன் இப்படி வியர்ப்பானா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவர் போன பிறகு பாக்கியமும் நானும் அந்த ஒற்றை விளக்கடியில் உட்கார்ந்திருந்தோம். இந்த வீடு போனால் என் சம்பளத்துக்கு இந்த ஊரில் வேறு வீடு இல்லை. வேறு வீடு இல்லையென்றால் நிஜமாகவே கப்பல் ஏறவேண்டியதுதான். வசந்தாவின் பரீட்சை கடலோடு போகும். தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண்ணைக் காரைக்காலில் எந்த வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைப்பது? இங்கேயே இருப்பதற்காகத்தான் சிக்கனம் பிடித்தேன். அந்தச் சிக்கனமே என் கழுத்தைப் பிடித்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

“வெளக்க இன்னொண்ணு போடட்டுமா?” என்றாள் பாக்கியம். அவளைப் பொறுத்தவரை அது கொள்கைக்கு எதிரான முதல் குண்டு. போட்டாள்.

6

இரண்டாவது விளக்கு வெளிச்சத்தில்தான் வசந்தாவின் மேஜை மேல் இருந்தவை கண்ணில் பட்டன. ஓரத்தில் பூத்தையல் போட்ட கைக்குட்டைகள். ஒரு சீப்பு. நெருப்புக்கொன்றைப் பூவின் இதழ்களை வெட்டி ஒட்டிச் செய்த பட்டாம்பூச்சிகள். கோடை விடுமுறைக்குப் பிரிகிற சமயத்தில் இங்கே பள்ளிப் பெண்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள்.

“இதெல்லாம் ஏதும்மா?”

“குடுத்தாங்க.”

“இன்னும் பள்ளிக்கூடம் மூடலையே. எதுக்குக் குடுத்தாங்க?”

“போறதுக்கு.”

“எங்க போறதுக்கு?”

அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “அத நீங்கதானே சொல்லணும் பா?”

பாக்கியம் பின்னுகிற ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

மொடா போன அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். அதாவது, தெரிந்துவிட்டதாக நினைத்தாளாம். “முதல்ல காரைக்கால்னு நெனச்சேன். அப்புறம் அம்மா பின்னுற கம்பளியப் பாத்தேன். பிரான்சுன்னு நெனச்சேன். கிளாஸ்ல எல்லாரும் அழுதாங்க. கரும்புச் சாறு வாங்கிக் குடுத்தாங்க. நான் அழல.”

“ஏண்டி எங்கள ஒரு வார்த்தை கேக்கல?” என்றாள் பாக்கியம்.

“கேட்டா சொல்லுவீங்களா? மாமா செத்ததே எனக்குப் பரீட்சை முடிஞ்சுதான் சொன்னீங்க. எனக்கு எல்லாம் கடைசிலதான் தெரியும். அதனால காத்துக்கிட்டிருந்தேன்.”

பள்ளியில் அவளுக்கு வசந்தா என்ற பேர் கிடையாது. வசந்தம் என்பதற்கு இங்கே என்ன வார்த்தையோ அதுதான் பேர், சுவன். இரண்டு வாரமாக அந்தச் சுவன் தன் ஊரிடம் ஒவ்வொரு மூலையாக விடைபெற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். கரும்புச்சாறு கடையிடம், தோழிகளிடம், சந்துமுனை நாயிடம். எங்களிடம் ஒரு சொல் இல்லை. நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மின்சாரத்தை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தோம்.

“நாம எங்கயும் போவலை” என்றேன்.

“போறவங்க எல்லாரும் அதான் சொல்றாங்க” என்றாள். சந்தில் வளர்ந்த பெண்.

அப்புறம் நான் தொடக்கத்திலிருந்து சொன்னேன். முதலாளி, கொள்கை, அரிசி டின், நானா, முன்பணம், எல்லாம். கேட்டு முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நடுவில் அழுகையாகி மறுபடி சிரிப்பாயிற்று. மூக்கைப் புதுக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, “அடுத்த தடவ எங்கிட்ட முதல்ல சொல்லுங்க பா. பாட்டில்காரம்மாவுக்கு முன்னாடி” என்றாள்.

சரி என்றேன்.

“இவங்ககிட்ட வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. மொடா வாங்கணும். பெருசா.”

7

கால்வாய்க் கரையில் படகுகள் மொடாக்களைக் கொண்டுவந்து இறக்குகிற இடத்துக்கு அவள்தான் என்னை அழைத்துப்போனாள். வரிசையாக நின்ற மொடாக்களை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்தாள். மந்தமாகச் சத்தம் போட்டதை ஒதுக்கினாள், விரிசல் இருக்குமாம். விலை பேசியபோது நான் தள்ளி நிற்கவேண்டும் என்று உத்தரவு. ஏழாவது அண்ணன் முகத்தைக் கண்டால் விலை ஏறும். விற்றவள், “நீ எந்த ஊர்?” என்று கேட்டாள். வசந்தா எங்கள் சந்தின் பேரைச் சொன்னாள். அந்தக் கேள்விக்கு அவ்வளவு சின்ன பதிலை நான் இதுவரை சொன்னதில்லை.

அவள் பொறுக்கிய மொடா என் மார்பு உயரம். விற்ற மொடாவுக்கு எனக்குக் கிடைத்ததைப்போல மூன்று மடங்கு விலை. கொள்கையின் நிகர லாபத்தை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று சக்கர மிதிவண்டியில் அது சிம்மாசனம் ஏறியதுபோல் உட்கார்ந்திருக்க, நாங்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டு வந்தோம். சந்து முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. வீட்டு வாசலில் இறக்கியபோதுதான் தெரிந்தது, அது கதவு வழியே நுழையாது. நான் தலையில் கைவைத்தேன். வசந்தா சிரித்தாள். அளந்து பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாள் என்று எனக்குப் பிறகு பட்டது. கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில், சந்து பார்க்க, வாசலிலேயே நின்றது மொடா.

ஐந்தாவது அம்மாள் வந்தார். தட்டிப் பார்த்தார். சுற்றிவந்தார். “இதைத் தூக்கிக்கொண்டு எவனும் கப்பல் ஏற முடியாது” என்று சந்துக்கே அறிவித்தார். அவர் கணவர் கையெழுத்துப் போட்ட தாளைச் சாயங்காலமே கொண்டுவந்து கொடுத்தார். பாக்கியம் அரிசி மூட்டை ஒன்றை எல்லோரும் பார்க்க இறக்கினாள்.

மரைக்கார் நானாவும் வந்தார். மொடாவின் வாயில் கையை விட்டுத் துழாவினார். “போவலன்னு நீங்க சத்தியம் பண்ணுனப்ப நான் நம்பலை தம்பி. இத நம்புறேன். அவரு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுறேன்.” பிறகு மெல்லக் கனைத்துக்கொண்டு, “ஆனா ஒண்ணு. இவ்வளவு பெரிய மொடா வாங்க வசதி இருக்கறவரு பழைய வாடகையே கொடுத்துக்கிட்டிருந்தா ஊரு என்னைத்தான் கேணையன்னு சொல்லும்” என்றார். வாடகை ஏறியது. கட்ட முடிகிற அளவுதான். காப்பியை மட்டும் இந்தத் தடவை முழுதாகக் குடித்தார்.

அந்த வாரக் கடைசியில் ஐந்தாவது அம்மாள் இரண்டாவதாக ஒரு பன்றிக்குட்டி வாங்கினார். தையல் மெஷினை விற்கவில்லையா என்று கேட்டேன்.

“எதற்கு? நீங்களே இருக்கிறீர்களே! ஏழாவது அண்ணன் மொடா வாங்கினால் இன்னும் சில வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது என்று இவர்கூடச் சொல்லிவிட்டார்.”

நாளைக்கு இந்த ஊர் என்ன ஆகும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வெளியே ஒரு மண்பாத்திரத்தை வைத்துவிட்டேன். அதைப் பார்த்து ஒருத்தி பன்றிக்குட்டி வாங்குகிறாள்.

8

வைகாசி பிறந்துவிட்டது. இந்த வருஷத்தின் முதல் மழை நேற்று மத்தியானம் வந்தது. நான் கடையில் இருந்தேன். வாடிக்கையாளர்கள் யாரும் இல்லை. ஒதுங்க வந்தவர்கள் நாலு பேர் வாசலில் நின்றார்கள். சும்மா உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் முதலாளி அதற்குப் புதுச் சாயம் அடிப்பார். இந்த வருஷம் அடிக்கவில்லை. பழைய எழுத்து மழையில் இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

திரும்பி அலமாரிகளைப் பார்த்தேன். மேல் தட்டுகள் காலி. நடுத்தட்டில் போன வருஷத்து ஜப்பான் துணி, அடி தெரிகிற அளவில். வழக்கமாக இந்த மாதம் நான் சரக்குக் கேட்டு எழுதி எழுதிக் கை வலிக்கும். தை மாதத்திலிருந்து ஒரு கடிதம்கூட எழுதவில்லை. பின்னறையில் இருந்த பெரிய விசிறி இல்லை. வாடிக்கையாளர் உட்காருகிற பெஞ்சு இரண்டில் ஒன்று இல்லை. எப்போது போயின? தினமும் இங்கேதான் இருக்கிறேன். பன்றிக்கே தெரிகிறது எனக்குத் தெரியவில்லை.

முதலாளியிடம் போய் நின்றேன்.

“முதலாளி, கடைய மூடப் போறமா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “என்னய்யா பேச்சு இது? இருக்கறதத் தீர்ப்போம்னேன், அவ்வளவுதான். நாம எங்க போவப் போறோம்?”

சொல்லிவிட்டு எழுந்து போய், ஆள் இல்லாத பக்கத்து விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.

மழை விட்ட பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மொடா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஐந்தாவது அம்மாள் அதில் ஒரு வாளி மொண்டு பன்றிகளைக் குளிப்பாட்டப் போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “நல்ல மொடா, ஏழாவது அண்ணே!” என்றார். நான் சிரித்தேன். விவரம் தெரிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு எனக்கும் வருகிறது என்று அப்போது தெரிந்தது.

உள்ளே பாக்கியம் அடுப்படியில் இருந்தாள். அவளிடம் போகவில்லை. வசந்தா வாசல் படியில் உட்கார்ந்து காலை மழைத்தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். பெயர்ப்பலகை, அலமாரி, விசிறி, விளக்கு. முதலாளி சொன்ன பதிலையும் சொன்னேன்.

அவள் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் படியில் வைத்தாள்.

“அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல. முதல்ல உங்கிட்டதான்.”

தலையை ஆட்டிக்கொண்டாள். எழுந்து, கையால் மொடாவின் வாயை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சாண் போட்டு அளந்தாள்.

“நாளைக்கு ஒரு மூடி வாங்கணும் பா” என்றாள். “தொறந்து கெடந்தா கொசு வந்துடும்.”